பீப்பாய் கவுனும் மதுரைப் பாவாடையும்

1

இந்த வாரம் மதுரையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பார்சலிலிருந்து தொடங்கினால் ஒன்றும் விளங்காது. ஒரு வருஷத்துக்கு முன்னால் போயாக வேண்டும்.

ஊரில் இருக்கிற நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அமெரிக்காவில் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளை பிறந்தால் ஊரிலிருந்து முதலில் பெண்ணின் அம்மா வருவார். விசிட்டர் விசாவில் ஆறு மாதம். அவர் கிளம்புகிற நேரத்தில் பையனின் அம்மா வந்து இறங்குவார். அவருக்கும் ஆறு மாதம். இரண்டாவது ஆள் பெட்டி கட்டும்போது பிள்ளைக்கு ஒரு வயது நெருங்கியிருக்கும். இனி யார் பார்த்துக்கொள்வது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது யாராவது ஒருவர் சொல்வார்: "ஒரு வருஷம் ஊர்ல இருக்கட்டுமே." பாட்டியோடு பிள்ளையும் விமானம் ஏறிவிடும். நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டு திரும்பி வரும். சில சமயம் ஒரு வருஷம் இரண்டாகும். யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை.

எனக்கு ஆஸ்டின் பக்கத்தில், ரவுண்ட் ராக்கில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. என் கணவர் செல்வாவுக்கு கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் கான்ட்ராக்ட். ஒன்று விட்டு ஒரு வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு மாலை போய்விடுவார். எங்கள் மகள் இனியா பிறந்ததும் அம்மா வந்து பார்த்துக்கொண்டு போனார். பிறகு அத்தை வந்தார், அதாவது செல்வாவின் அம்மா. நடுவில் டேகேரில் போட்டும் பார்த்தோம். போன முதல் வாரமே காய்ச்சல், அடுத்த வாரம் காது வலி, அதற்கடுத்த வாரம் மறுபடி காய்ச்சல். மீட்டிங்கில் இருக்கும்போது டேகேரிலிருந்து ஃபோன் வரும்: ஒரு மணி நேரத்துக்குள் வந்து அழைத்துப் போங்கள். என் மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "குடும்பம்தான் முக்கியம், சுபா" என்று. இந்த ஊரில் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னால் உஷாராகிவிட வேண்டும். என் எச்-ஒன்-பி வேலை விசாவின் நீட்டிப்பு அப்போது பெண்டிங்கில் இருந்தது. செல்வாவின் கான்ட்ராக்ட் எந்த மாதமும் முடியலாம். என் வேலையும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆகவே முடிவாயிற்று. பதினோராவது மாதத்தில் அத்தை கிளம்பும்போது இனியாவும் மதுரைக்குப் போவாள். அத்தைக்கு வாயெல்லாம் பல். மாமாவுக்கு ஃபோன் போட்டு, மாடிப்படிக்கு உடனே ஒரு கேட் போடச் சொன்னார்.

2

அந்தச் சமயத்தில்தான் அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது.

எங்கள் ஆபீசில் நாலு பெண்கள் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் படித்து, லஞ்ச் நேரத்தில் பேசுவோம். பேசுவோம் என்றால் மற்றவர்கள் பேசுவார்கள், நான் தலையாட்டிக்கொண்டு தயிர்ச் சாதம் சாப்பிடுவேன். அந்த மாதம் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஷெரில். க்ளெய்ம்ஸ் பிரிவில் வேலை, ஐம்பதைத் தாண்டியவர், ஜமைக்காவில் பிறந்தவர். கரீபியன் தீவுகளிலிருந்து வந்த ஒரு பெண் எழுதிய நாவல் அது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் வாங்கிப் படித்துவிட்டு, நீ சொன்ன மாதிரி இல்லையே என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.

கதை இதுதான். ஜமைக்காவில் ஒரு தாய், கைக்குழந்தையைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு நியூயார்க் போகிறாள், அங்கே அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு. ஒரு வருஷத்தில் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னவள், பேப்பர் சரியாகவில்லை, விசா சரியாகவில்லை என்று பல வருஷம் இழுக்கிறாள். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கப்பலில் ஒரு பெரிய பீப்பாய் அனுப்புவாள். சோப்பு, அரிசி, டின் பால், பென்சில், எல்லாவற்றுக்கும் மேலே மகளுக்கு ஒரு கவுன். லேஸ் வைத்த நீல கவுன். அது மகளுக்குப் பற்றாது. முதுகுப் பக்கம் ஜிப் ஏறாது. சித்தி இரண்டு ஊக்கைக் குத்தி, பிள்ளையைச் சுவரோடு சுவராக நிற்க வைத்து, முன்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு ஃபோட்டோ எடுத்து நியூயார்க்குக்கு அனுப்புவாள். அந்தத் தாய் ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷமும் அதே கணக்கில் வாங்குவாள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

3

எங்கள் ஊர் கோவில்பட்டி. அப்பா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அவர் கொண்டுவரும் பெட்டியில் கோடாலித் தைலமும் டேங் பவுடரும் எப்போதும் உண்டு. எனக்கும் தம்பிக்கும் ஷூ இருக்கும். அந்த ஷூ என்றைக்குமே எங்கள் காலுக்குச் சேர்ந்ததில்லை.

நம் வீடுகளில் துணி எடுக்கிற முறை உங்களுக்குத் தெரியும். வளர்கிற பிள்ளை என்று சொல்லி ஒரு சுற்றுப் பெரிதாக எடுப்பார்கள். டெய்லரிடம் உள்ளே பிடித்துத் தைக்கச் சொல்லி, அடுத்த தீபாவளிக்குப் பிரித்து விட்டுக்கொள்வார்கள். அப்பாவும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார். போன தடவை பார்த்த காலோடு ஒரு சைஸைக் கூட்டி வாங்குவார். ஆனால் பிள்ளைகளின் கால் அப்பாக்களின் லீவைப் பார்த்து வளர்வதில்லை. துணியையாவது பிரித்து விடலாம், ஷூவை என்ன செய்வது?

அம்மா அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போய் எங்கள் இருவரிடமும் சொல்வார்: "சரியா இருக்குன்னு சொல்லணும். அப்பா பாவம்." கால் விரல்களை மடக்கி ஷூவுக்குள் திணித்துக்கொண்டு வாசல்வரை நடந்து காட்டுவோம். "அளவெடுத்த மாதிரி இருக்குப்பா" என்பேன். அப்பாவுக்கு அப்படியொரு சந்தோஷம். அவர் திரும்பிப் போனபின் ஷூ எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் போய்விடும். அந்தப் பிள்ளையின் காலுக்கு அது கச்சிதமாக இருக்கும். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜமைக்கா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் கேட்டால் நான் தடவுவேன். அங்கே என்ன சாப்பிடுகிறார்கள், என்ன சாமி கும்பிடுகிறார்கள், ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தச் சுவரோரம் நின்ற பிள்ளையின் முதுகு எனக்குத் தெரியும். ஒரே ஒரு வித்தியாசம்தான். எங்கள் ஊரில் கடல் தாண்டிப் போவது அப்பாவாக இருக்கும். அதனால் அதற்குப் பெயர் சம்பாத்தியம். அம்மா போனால் பெயர் வேறாகிவிடுகிறது.

4

லஞ்சில் புத்தகத்தைப் பேசிய அன்று பெரிய ரகளையாகிவிட்டது. எங்கள் நால்வரில் ஒருத்தி, இந்த ஊர்க்காரி, சாலடைக் கிளறிக்கொண்டே, "அந்தத் தாய்க்கு மனசே கிடையாது. பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போக முடிந்தது?" என்றாள். ஷெரில் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் அம்மா அப்படித்தான் போனாள்" என்றார். "யார் யாரோ பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டி அவள் அனுப்பிய பணத்தில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். மனசைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

சாலட்காரி வாயை மூடிக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். இரண்டு வருஷமாகத் தயிர்ச் சாதம் தவிர வேறெதற்கும் திறக்காத வாய். "அடுத்த மாதம் என் மகளை இந்தியாவுக்கு அனுப்புகிறோம், மாமியாரோடு. எங்கள் ஆட்களில் இது சகஜம்" என்றேன். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. ஷெரில் தன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்.

சாயங்காலம் பார்க்கிங்கில் அவரைப் பிடித்தேன். "ஷெரில், நீங்கள் சொல்லுங்கள். அனுப்பலாமா, வேண்டாமா?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் உன் புக் கிளப் புத்தகம் இல்லை, சுபா. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து விடை தெரிந்துகொள்ள" என்றார்.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. கார்க் கதவைத் திறந்தவர், உட்காராமல் நின்றார். "பன்னிரண்டு வயதில் நியூயார்க் ஏர்போர்ட்டில் அம்மாவைப் பார்த்தேன். கை குலுக்கினேன். புது மனிதர்களைப் பார்த்தால் கை கொடுக்க வேண்டும் என்று சித்தி பழக்கியிருந்தாள்." காருக்குள் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். "எல்லோரும் அம்மாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சித்தியைப் பற்றி இதுவரை ஒருத்தர் கேட்டதில்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. கை குலுக்கிய இடத்திலேயே நின்றுவிட்டேன்.

5

ஆனாலும் வேலைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. இந்த நாட்டில் எதற்கும் ஒரு ஃபாரம் உண்டு, அதைப் பூர்த்தி செய்கிற மும்முரத்தில் என்ன செய்கிறோம் என்பதே மறந்துபோகும். இனியா இங்கே பிறந்தவள். அமெரிக்கப் பிரஜை. சொந்த அப்பத்தா வீட்டுக்குப் போக அவளுக்கு ஓசிஐ அட்டை வேண்டும், வெளிநாட்டுப் பிரஜையான இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது. அதற்கு வெள்ளைத் துணிக்கு முன்னால், இரண்டு கண்ணும் திறந்து, வாய் மூடி ஒரு ஃபோட்டோ. வாய் மூடுகிற பிள்ளையா அவள்? அத்தை பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்ட, நான் தரையில் படுத்துக்கொண்டு எடுத்தேன். பிறகு இடது கைப் பெருவிரல் ரேகை. விரலை மடக்கி வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து மையில் ஒற்றும்போது அத்தை சிரித்தார். "பத்திரம் பதியிற கணக்கால்ல ரேகை வைக்கிறா! எங்க ராசாத்தி மதுரைக்கு வர்றா, சும்மாவா?"

பிள்ளை பெற்றோர் இல்லாமல் பயணம் செய்வதற்குச் சம்மதக் கடிதம். அதில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். செல்வா சான் ரமோனில் அவர் பங்கைப் போட்டுவிட்டார். நான் லஞ்ச் நேரத்தில் பேங்க் கிளையில் ஒரு நோட்டரி அம்மாள் முன் உட்கார்ந்தேன். அவர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "யாருடைய கட்டாயமும் இல்லாமல் உங்கள் சொந்த விருப்பத்தில்தானே கையெழுத்துப் போடுகிறீர்கள்?"

"ஆமாம்" என்றேன். யார் என்னைக் கட்டாயப்படுத்தினார்கள்? செல்வாவா, அத்தையா, மேனேஜரா? ஒருவரும் இல்லை. கையெழுத்து மட்டும் கோணலாக விழுந்தது. நோட்டரி அம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை.

எங்கள் வளாகத்தில் தீபா என்று ஒரு தோழி. தன் மகனை ஒன்றரை வருஷம் சேலத்தில் விட்டு அழைத்து வந்தவள். அவளிடம் போய் உட்கார்ந்தேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுடி. வந்த புதுசுல என்னை ஃபோன் அம்மான்னு கூப்பிடுவான். வீட்டுக்கு வர்றவங்ககிட்ட, இதுதான் எங்க ஃபோன் அம்மான்னு காட்டுவான். செம காமெடி" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும், காபி போடுகிறேன் என்று உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை.

6

கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை. இனியாவுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய துணிமணி வாங்க நானும் செல்வாவும் கடைக்குப் போனோம். பிள்ளை அத்தையோடு வீட்டில்.

நான் புத்திசாலி என்று எனக்கு நினைப்பு. நாவலில் வந்த தாய் மாதிரி ஏமாறக் கூடாது, அப்பா மாதிரியும் கூடாது. பன்னிரண்டு மாதம், பதினெட்டு மாதம், இருபத்துநாலு மாதம் என்று எல்லா அளவிலும் எடுத்து வண்டியில் அடுக்கினேன். ஷூ வரிசைக்கு வந்தோம். அங்கே சுவரில் ஒரு அட்டவணை: இத்தனை மாதத்துக்கு இத்தனை சைஸ். ஒரு சிவப்பு ஷூவைக் கையில் எடுத்தேன். அது என் மகள் இரண்டு வயதில் போடப்போகும் ஷூ. அந்தக் கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. யாரோ ஒரு பிள்ளைக்காகச் சுவரைப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன, அதை எடுக்கிறியா இல்லையா?" என்றார் செல்வா.

"என்னங்க, அவளை அனுப்ப வேணாம்."

அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "டிக்கெட் போட்டாச்சு. அப்பா அங்க எல்லாம் ரெடி பண்ணிட்டாரு. இப்ப வந்து வேணாம்ங்கிற?"

"ஆமா."

"அந்த புக்தானே? அதைப் படிச்சதுலேர்ந்து நீ ஒரு மாதிரிதான் இருக்க. அது கதை சுபா. எவளோ எங்கயோ எழுதினது."

"எங்கப்பா வாங்கிட்டு வந்த ஷூவும் கதையா?"

அவருக்கு அந்த ஷூ விஷயம் தெரியாது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் சொன்னதில்லை. அந்த வரிசையிலேயே நின்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு அவர் சொன்னதும் பொய்யில்லை.

"சரி, வச்சுக்கலாம். நாளைக்குச் சாயங்காலம் நான் ஃப்ளைட் ஏறிடுவேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தா நீதான் ஓடணும். உன் வேலை போனா? என் கான்ட்ராக்ட் முடிஞ்சா? மூணு பேரும் சேர்ந்து ஊருக்குப் போக வேண்டியதுதான். அதுக்கு நீ ரெடியா?"

"ரெடி இல்லை. ஆனா அனுப்பமாட்டேன்."

"அப்ப அம்மாகிட்ட நீயே சொல்லிக்க. என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டுவிட்டுக் காருக்குப் போய்விட்டார். அடுக்கிய துணியையெல்லாம் ஒவ்வொன்றாக இருந்த இடத்தில் திரும்ப வைத்தேன். பயமாகத்தான் இருந்தது. வீர வசனம் பேசிவிட்டால் பயம் போய்விடுமா?

7

வீட்டுக்கு வந்தபோது அத்தை ஹாலில் பெட்டியைப் பரப்பி வைத்து, இனியாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். இனியா அவர் மடியில் ஒரு சாக்ஸைச் சப்பிக்கொண்டிருந்தாள். செல்வா நேரே மாடிக்குப் போய்விட்டார்.

"அத்தை, இனியாவை அனுப்பல."

மடிக்கிற கை நிற்கவில்லை. "யாரு சொன்னா? செல்வாவா?"

"இல்லத்தை. நான்தான்."

"ஏன், நான் பாத்துக்கிட மாட்டேன்னு நெனச்சுட்டியாக்கும்?"

"அப்படியெல்லாம் இல்ல அத்தை..."

"பெறகு எப்படி? அங்கிட்டு தொட்டில் கட்டியாச்சு. உங்க மாமா படிக்கு கேட்டு போட்டுட்டாரு. தெருவுல அம்புட்டுப் பேருகிட்டயும் பேத்தி வர்றான்னு சொல்லியாச்சு. இப்ப வெறுங்கையோட போய் எறங்கச் சொல்றியா?"

"என்னால முடியல அத்தை."

"இந்த ஆறு மாசமா இவளுக்குச் சோறு ஊட்டுனது யாரு?"

"நீங்கதான்."

"காச்சல்ல கெடந்தப்ப தோள்ல போட்டுக்கிட்டு நடந்தது யாரு?"

"நீங்கதான்."

"பெறகு?"

அத்தை இனியாவைத் தரையில் இறக்கிவிட்டு, பெட்டியிலிருந்து அவளுடைய சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். கிளம்பும் நாள்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்டின் ஏர்போர்ட்டில் செக்யூரிட்டி வரிசைக்கு முன்னால் நின்றோம். அம்மாவை ஏற்றிவிடுவதற்காக வந்திருந்த செல்வா, அவருக்கு ஏற்பாடு செய்த வீல்சேர்க்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். இனியா என் இடுப்பில் இருந்தாள். அத்தை கைப்பையைத் தோளில் மாட்டியதும் என்ன புரிந்ததோ, ஒரே தாவாக அவரிடம் தாவினாள். பெற்ற என்னிடமிருந்து அவரிடம். அத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கையை மட்டும் நீட்டினார். இனியா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று வீறிட்டாள். அத்தை அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ரேகை வைக்க நான் பிரித்த அதே விரல்கள். திரும்பிப் பார்க்காமல் போனார்.

அப்போதுதான் எனக்கு ஷெரில் சொன்னது விளங்கியது. நாவலில் ஒரு அத்தியாயம் முழுக்க அந்தச் சித்தி வருவாள். பிள்ளையை நியூயார்க்குக்கு ஏற்றிவிட்டு, வெறும் வீட்டுக்குப் பஸ் பிடித்துத் திரும்புவாள். தாயும் மகளும் சந்திக்கப்போகிற இடம் வருகிறதே என்ற அவசரத்தில் நான் அந்தப் பக்கங்களை மேய்ந்துவிட்டுத் தாண்டியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் திரும்ப எடுத்து மெதுவாகப் படித்தேன். அழுதேன். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. என் மீது தப்பென்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். அவர் மீது தப்பென்றும் சொல்ல வாய் வரவில்லை.

8

அதன்பிறகு எங்கள் பாடு எப்படிப் போயிற்று என்றால், பெரிய நாசமும் இல்லை, பெரிய வெற்றியும் இல்லை. வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற நேபாளிப் பெண் ஒருவர் கிடைத்தார். காய்ச்சல் நாட்களில் லீவு போட்டேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே என்னை நல்ல ப்ராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டார். க்ரீன் கார்டு ஃபைல் பண்ணுவதை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டார்கள். செல்வா இன்னும் சான் ரமோனிலிருந்து பறந்துகொண்டிருக்கிறார். இனியாவுக்குத் தமிழ் புரிகிறது. "தண்ணி வேணுமா?" என்றால், "நோ, மோர்!" என்று பதில் வருகிறது. என்ன அர்த்தமென்று அவளுக்கே வெளிச்சம்.

அத்தை ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருவார். மகனோடு பேசுவார், பேத்தியைக் கொஞ்சுவார். என் முகம் திரையில் வந்தால் பார்வை பக்கவாட்டில் போய்விடும். செல்வா இல்லாத வாரங்களில் நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு வருஷமாக அந்த வீட்டுக்கு நான் செல்ஃபோன் ஸ்டாண்ட். "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டால், "அப்பத்தா சாப்ட்டேன்டி ராசாத்தி" என்று இனியாவுக்குப் பதில் வரும். இனியா எந்த ஃபோன் அடித்தாலும் அதைக் காட்டி, "அப்பத்தா!" என்கிறாள். ஃபோனுக்கே அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். தீபாவின் மகன் நினைவுக்கு வருவான். எனக்குச் சிரிப்பு வராது.

முதல் பிறந்தநாளுக்கு மதுரையிலிருந்து ஒன்றும் வரவில்லை. இந்த வாரம், இரண்டாவது பிறந்தநாளுக்கு, பார்சல் வந்தது. மேலே என் பெயர் இல்லை, செல்வாவின் பெயர்தான். உள்ளே ஒரு பட்டுப் பாவாடை சட்டை. மாம்பழ நிறம், அரக்கு பார்டர். அத்தை தானே துணி எடுத்து, தெரு முனை டெய்லரின் பக்கத்தில் நின்று தைத்து வாங்கியிருப்பார். உள்ளே தாராளமாகப் பிடித்துத் தைத்திருந்தது, வளர்கிற பிள்ளையல்லவா?

நேற்று பிறந்தநாள். இங்கே காலை, மதுரையில் சாயங்காலம். பாவாடை சட்டையைப் போட்டுப் பார்த்தேன். பாவாடை கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. சட்டை தோளில் இறங்கவே அடம்பிடித்தது. முதுகில் கொக்கிகள் ஒன்றையொன்று எட்டிப் பார்த்ததோடு சரி. உள்தையல் எல்லாவற்றையும் பிரித்தாலும் எட்டாது.

செல்வா பார்த்துவிட்டு, "பத்தலைன்னு அம்மாகிட்ட சொல்லிருவோம். வேற தச்சு அனுப்புவாங்க" என்றார்.

"வாயைத் திறக்காதீங்க" என்றேன். மேசை டிராயரைத் துழாவி இரண்டு ஊக்கை எடுத்தேன். முதுகில் குத்தினேன். இனியாவைச் சுவரோரம் நிறுத்தினேன். அப்படி நிறுத்தியபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. ஆனாலும் மாற்றவில்லை. ஃபோனைப் போட்டேன்.

திரையில் அத்தை. தனக்கே பிறந்தநாள் மாதிரி பூ வைத்து, புதுச் சேலை கட்டியிருந்தார். பேத்தியைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்ததே, மஸ்கட்டிலிருந்து வந்த அப்பா வாசலில் நின்று எங்கள் காலைப் பார்க்கும்போது அப்படித்தான் இருக்கும்.

"என் தங்கம்! என் மீனாச்சி! கண்ணு பட்டுரும் போலருக்கே!"

ஃபோனுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். "சரியா இருக்கு அத்தை. அளவெடுத்த மாதிரி இருக்கு."

வழக்கம்போல் எனக்குப் பதில் இல்லை. பேத்தியிடம் சொன்னார், "எங்க, அப்பத்தாவுக்குத் திரும்பிக் காட்டு பாப்போம். முதுகுப் பக்கம் எப்படித் தச்சிருக்கான்னு பாக்கணும்."

"அவ இப்ப கேக் வெட்டணும் அத்தை, அப்புறமா..."

"திருப்பு, சுபா."

ஒரு வருஷத்துக்கு மேலாகிறது அந்த வாயிலிருந்து என் பெயர் வந்து. என் கை அசையவில்லை. இனியாவுக்குத்தான் தமிழ் புரியுமே. அப்பத்தா சொன்னபடி அவளே ஒரு சுற்றுச் சுற்றி முதுகைக் காட்டி நின்றாள். இரண்டு ஊக்கு. நடுவே ஒரு கையகலத்துக்கு வெறும் முதுகு.

ஃபோன் கட்டாகிவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். கட்டாகவில்லை. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பாத்துட்டு வந்த பிள்ளைக்குல்ல தச்சிருக்கேன்" என்றார்.

"அத்தை..."

"மொதல்ல அந்த ஊக்கைக் கழட்டு. பிள்ளைக்குக் குத்திரப் போவுது." மூக்கை உறிஞ்சிக்கொண்டு நேராக என்னைப் பார்த்தார். "இஞ்சு டேப்பு இருக்கா வீட்டுல?"

"இருக்கு அத்தை."

"எடுத்துட்டு வா. நெஞ்சு, தோளு, ஒசரம், எல்லாத்தையும் அளந்து சொல்லு. வளர்ற பிள்ளைன்னு நீயா ரெண்டு இஞ்சு கூட்டிச் சொல்லாத. இன்னைக்கு என்ன இருக்காளோ, அதைச் சொல்லு."

நான் டேப்பைத் தேடிக்கொண்டு ஓடினேன்.